எழுவான்கரையும் படுவான்கரையும்
மண்முனைத்துறை, மட்டக்களப்பு வாவி

இந்த மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதுவரை மக்களும் வாகனங்களும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகிலேயே வாவியைக் கடந்தனர். இரு கரைகளும் வெவ்வேறு உலகங்கள். கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலமான எழுவான்கரை: தென்னை, மீன்பிடி, நெருக்கமான ஊர்கள். மேற்கே படுவான்கரை: பரந்த வயல், குளம், மாட்டுப்பட்டி.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆற்று நன்னீரும் முகத்துவாரங்கள் வழியே புகும் கடல்நீரும் இங்கு கலக்கின்றன.

கரையோரக் கண்டல் மரங்களைக் கவனியுங்கள். கிளையில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்குபவை அவற்றின் நாற்றுகள். சேற்றில் ஊன்றிய வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. விறகுக்காகவும் இறால் பண்ணைகளுக்காகவும், போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லியும் இக்காடுகள் வெட்டப்பட்டன. இது பேரிழப்பு. வேர்கள் போன இடத்தில் மீன் ஒதுங்க இடமில்லை; மழைவெள்ளம் கரையை அரிக்கிறது.

வயல்களின் உரமும் கிருமிநாசினியும், ஊர்களின் கழிவும் இந்நீரில்தான் சேர்கின்றன. மண் கொட்டிக் கரையை நிரப்புவதால் வாவி ஒடுங்கியும் வருகிறது.

பாலத்திலிருந்து எதையும் நீரில் வீசாதீர்கள். கரையில் இறங்கினால் கண்டல் நாற்றுகளை மிதிக்காமல் நடங்கள்.