போனைச் சுற்றி யார் இருக்கிறார்கள்?

கிராமத்துக் குழந்தையோடு வீடியோ காலில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று விசாரித்த கையோடு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போ உன் பக்கத்துல யார் யாரு இருக்காங்க?" அப்பத்தா இருப்பார். மடியில் தம்பி இருப்பான். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். வீடு ஒற்றை அறை. ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கிறது. இந்த நிலையில் பத்து வயதுப் பிள்ளையிடம், "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மிஸ், நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? அந்தப் பிள்ளை யாருக்குப் பயந்து நடுங்குகிறதோ, அவரே கேமராவுக்குப் பின்னால் முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

தொலைவிலிருந்து குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன் என்றாலே பலரும் சிக்னலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தால் கிடைத்துவிடும். இந்த வேலை பலிப்பதும் பலிக்காமல் போவதும் போனைச் சுற்றி இருக்கும் மனிதர்களின் கையில் இருக்கிறது.

தேவை எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்ததாக அது சொல்லியது. மனநலச் சிக்கல் உள்ள பெரியவர்களில், அதன் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிவந்தால் அன்றைய கூலி போகும், பஸ் செலவு தனி. முதல் தடவை வருவார், கடன் வாங்கியாவது இரண்டாம் தடவையும் வருவார். அதற்கு மேல் அவரால் முடியாது. எங்கள் வேலையோ வாரக்கணக்கில் நீள்வது. ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடியதல்ல.

ஆகவே போன் வேண்டும். அதைக் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாக்குவதில்தான் பாதி உழைப்பு போகிறது. அம்மா நூறு நாள் வேலையிலிருந்து எப்போது திரும்புவார், அப்பாவின் போன் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் என்று கேட்டு நேரம் குறிக்கிறோம். யாராவது அருகே வந்துவிட்டால், "தண்ணி குடிச்சிட்டு வரேன் மிஸ்" என்று சொல்லும்படி பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரிக் கேள்விகளை அமைக்கிறோம். வாயால் சொல்ல முடியாததைச் சில பிள்ளைகள் வரைந்து கேமராவில் காட்டும்.

2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், சிறார் ஒருவரிடம் மருத்துவர் பேசும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், அவர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. நியாயமான விதி. அந்தப் பெரியவரே பிரச்சினையாக இருக்கும் வீடுகளும் இருக்கின்றன. குழந்தை பாலியல் வன்முறை பற்றிச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நான் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ஆனால் அன்று இரவு அந்த வீட்டுக்குப் போய் நிற்கப்போவது யார்? இதற்கு விடை தெரியாமல் முதல் அமர்வைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டு முகவரி, அருகிலுள்ள காவல் நிலையம், கிராம சுகாதாரச் செவிலியரின் எண், குழந்தை நம்பும் உறவினர் அல்லது ஆசிரியர் ஒருவர் என எல்லாம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் மனநல நிறுவனம், ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்ற இந்த உண்மையை முன்பே புரிந்துகொண்டது. புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு 2010 முதல் அது அனுப்பிய பேருந்தில், உள்ளே அமர்ந்து சென்னையிலுள்ள மனநல மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம், மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் தீவிர மனநோய் உள்ள பெரியவர்களுக்கானது அது. நான் அதில் பார்ப்பது பேருந்தை அல்ல, அதோடு ஊர் ஊராகப் போன களப்பணியாளர்களை. மாத்திரை சாப்பிட்டாரா, ஏன் இந்த முறை வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கும்போதுதான் திரையில் தெரியும் மருத்துவரால் பயன் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கமும் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக இந்த வழியில்தான் போகிறது. சமூக மறுவாழ்வுப் பணியாளர் வீட்டுக்குப் போகிறார். அவர் செயலியில் பதிவு செய்வதைப் பார்த்து நிபுணர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுகிறார்கள்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து, 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஆய்வு ஒன்று எனக்குப் பெரிய தெம்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அங்கே பயிற்சி தந்தவர்கள் நிபுணர்களின் மேற்பார்வையில் வேலை செய்த களப்பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்கிற விதமாகச் சேர்ந்து பேசும் முறை அது. பெற்றோர் பிள்ளையின் போக்கை அனுசரித்து நடப்பதும், பிள்ளை தானாக அவர்களை நாடுவதும் கூடின. வீட்டில் எடுக்கும் வீடியோவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கிளினிக்கில் என் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கண்டு மிரளும் பிள்ளை, வீட்டில் அம்மா கடலை உடைக்கும்போது தோலை ஊதிப் பறக்கவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. "இவன் என் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டான்" என்று அழுத அம்மா அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். அடுத்த நாளும் கடலை உடைக்கும்போது பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொள்கிறார். சிகிச்சை அங்கே தொடங்குகிறது.

குடும்பமே பிரிந்து கிடக்கும் வீடுகளில் போன் செய்வது இன்னும் பெரிய உபகாரம். அப்பா குவைத்தில், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில், பிள்ளை அப்பத்தாவிடம். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஆறேழு வயதைத் தாண்டியும் படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகள் வருகிறார்கள். அடி விழுந்திருக்கும். கோடாங்கியிடம் கயிறு கட்டியாகியிருக்கும். "சூடு வச்சா சரியாப் போயிடும்னாங்க" என்பார் அப்பத்தா, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல். பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, தூக்கத்தில் அவனுக்கே தெரியாது என்பதை மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மூவரையும் ஒரே வீடியோ காலில் சேர்க்கிறோம். கிளினிக்கில் இது நடக்கவே நடக்காது. ஆடுகளை விட்டுவிட்டு அப்பத்தா மதுரைக்கு வரமாட்டார். அப்பாவுக்கு நான் தரும் வேலை சின்னது: தினமும் ஐந்து நிமிடம் பேசுங்கள், அதில் மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். பல அப்பாக்களுக்கு முதல் வாரம் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவதென்றே தெரிவதில்லை. கேட்டுக் கேட்டு, பட்டம் விட்டது, ஆடு குட்டி போட்டது என்று பிள்ளையே பேச ஆரம்பிக்கிறான்.

போனில் செய்யக் கூடாதவையும் உண்டு. ஆட்டிசம் என்று திரையைப் பார்த்து முத்திரை குத்தக் கூடாது. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று நேரில் பரிசோதிக்க வேண்டும். செத்துப்போகலாம் என்று இருக்கிறது என ஒரு பிள்ளை சொன்னால், அதன் அருகில் ஒருவர் வந்து சேரும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டிருந்து, நேரடிச் சிகிச்சைக்கு அனுப்பியாக வேண்டும்.

2022 அக்டோபரில் வந்த டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதை நான் மனமார வரவேற்கிறேன். அவசரத்துக்கு உதவி எண் போதும். குழந்தை நம்பிப் பேசுவதற்கோ வாராவாரம் அதே முகம் வேண்டும், கதவு சாத்திக்கொள்ள ஓர் அறையும் வேண்டும். அரசுப் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாரம் ஒரு மாலை ஓர் அறையை ஒதுக்க முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் குழந்தைகளின் மனநலத்தில் பயிற்சி தந்து, அந்த அறைக்குப் பொறுப்பாக்க வேண்டும். அவர்கள் தலையில் ஏற்கெனவே உள்ள பதிவேடுகளோடு இன்னொன்றாக இதையும் ஏற்றிவிடாமல், இதற்கென்று தனி நேரமும் தனிச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.