பாத்திரமேற்பு விளையாட்டில் மற்போர்த் திறன்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், ஆயுதமின்றி அடித்தும் பிடித்தும் தள்ளியும் போரிடும் பாத்திரத்துக்குத் தேவையானவை மற்போர்த் திறன்கள் ஆகும். இவ்வகை விளையாட்டுகளுள் முதலில் வணிக முறையில் வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய இது 1974ஆம் ஆண்டு வெளியானது. 2014இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பின் விதிகளும், 2024இல் அவை திருத்தப்பட்ட விதமும் இங்கு விளக்கப்படுகின்றன. முந்தைய பதிப்புகளில் மற்பிடி விதிகள் சிக்கலுக்குப் பேர்போனவை. மூன்றாம் பதிப்பில் ஒருவர் பிடி போட்டால், மற்றவர்கள் விதிநூலைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பிடியின் பயன்

பிடி போடுவதால் எதிரிக்குக் காயம் ஏற்படுவதில்லை. அவரது நகர்வு வேகம் சுழியமாகிறது. புதிதாக ஆடுவோர் இதனை வீண் என்று எண்ணி, வாளையே நாடுவதுண்டு. ஆனால் பின்வரிசையில் நிற்கும் மந்திரவாதியை நோக்கி ஓடும் எதிரியை வழியிலேயே நிறுத்திவிட, வாள்வீச்சைவிடப் பிடியே உறுதியான வழி.

பிடியும் வீழ்த்தலும் சேரும்போது பலன் பெருகுகிறது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கத் தம் வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும். பிடிபட்டவருக்கு வேகமே இல்லை. எனவே பிடியிலிருந்து விடுபடும்வரை அவரால் எழ முடியாது. அருகிலிருந்து அவரைத் தாக்குவோர் இரு பகடைகளை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் 'சாதகம்' என்று பெயர். விழுந்து கிடப்பவர் தாக்கும்போது இரண்டில் குறைந்ததே அவருக்குக் கிடைக்கும்.

தமிழ் மாணவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் காட்டுகிறார். அரசனின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் செய்யும் உத்திகளைத் தடுக்கிறது. விளையாட்டின் மொழியில் சொன்னால், வீழ்த்தலும் பிடியும் ஒரே எதிரி மீது.

எவற்றைத் தேர்வது

2014 விதிப்படி, பிடி போடுபவர் 20 முகப் பகடையை உருட்டி வலிமை சார்ந்த அத்லெட்டிக்ஸ் மதிப்பைக் கூட்ட வேண்டும். எதிரி அத்லெட்டிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் கொண்டு எதிர்ப்பார். முதல் நிலையில் வலிமை 16 உள்ள பாத்திரத்துக்கு, அத்லெட்டிக்ஸ் பயிற்சியும் இருந்தால் மொத்தம் +5 கிடைக்கும். எதிரிக்கு +2 எனில் பிடி விழும் வாய்ப்பு சுமார் 62 விழுக்காடு. பார்பேரியன் வகுப்பினர் ஆவேசம் கொள்ளும்போது வலிமைச் சோதனைகளில் சாதகம் பெறுவதால், அது சுமார் 78 விழுக்காடாக உயரும். ரோக் வகுப்பின் நிபுணத்துவத்தை அத்லெட்டிக்ஸில் செலவிட்டால் பயிற்சி மதிப்பு இரட்டிப்பாகும். எந்தச் சிறப்புத் தகுதியையும் வாங்கும் முன் இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கிராப்ளர் என்ற சிறப்புத் தகுதி பெயராலேயே ஆளை இழுக்கும். 2014 நூலில் அது அவ்வளவு சிறந்ததன்று. பிடித்தவரைத் தாக்கச் சாதகம் தருகிறது. ஆனால் அதை எதிரியை வீழ்த்தியே பெற்றுவிடலாம். அது தரும் அமுக்கிப்பிடியோ, பிடித்தவரையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது. டேவர்ன் பிராலர் அதனினும் பயனுள்ளது: குத்தோ, கையில் அகப்பட்ட நாற்காலியோ எதிரி மேல் பட்டதும், துணைச் செயலாகப் பிடி போட முயலலாம்.

2024 திருத்தம் இக்கணக்கை மாற்றிவிட்டது. இப்போது எதிரியே காப்புச் சோதனை உருட்டுகிறார். இலக்கு எண் 8, வலிமை மாற்றெண், பயிற்சி மதிப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. மேற்சொன்ன பாத்திரத்துக்கு அது 13. பிடி போடும் அந்தக் கணத்தில் ஆவேசமும் நிபுணத்துவமும் உதவுவதில்லை. டேவர்ன் பிராலர் தந்த துணைப் பிடியும் நீங்கிவிட்டது. மாறாக, ஒரே குத்தில் காயமும் பிடியும் தரும் கிராப்ளர், வாங்கத்தக்கதாகிவிட்டது. எந்த ஆண்டு நூலை வைத்து ஆடுகிறோம் என்பதை ஆட்ட நடத்துநரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரு பதிப்புகளிலும் பிடி போட ஒரு கையாவது வெறுமையாக இருக்க வேண்டும். வாளும் கேடயமும் ஏந்தியவரால் முடியாது.

உருவ அளவு

தம்மைவிட ஒரு படி பெரிய உருவம் வரைதான் பிடி செல்லும். கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு கதை அமைப்பவருக்கு இது உடனே எதிர்ப்படும். சின்னமனூர் அருகே அய்யம்பட்டியில் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. மனிதர் நடுத்தர அளவு, காளை பெரிய அளவு. எனவே பிடி செல்லும். ஆயினும் பிடிபட்ட காளை அசையாமல் நின்றுவிடும் என்பதே விதி. திமிலைத் தழுவியபடி காளையோடு செல்வதற்கு 2014 நடத்துநர் நூலில் உள்ள, பெரிய உயிரி மீது ஏறும் விருப்ப விதியே பொருந்தும். அதில் எதிரியின் வேகம் குறையாது. ஏறியவர் அதனோடு நகர்வார்.

மேகமலைக் காட்டு யானையோ இரு படி பெரியது. எவ்வளவு வலிமை இருந்தாலும் அதன் மீது பிடி செல்லாது. என்லார்ஜ் மந்திரத்தால் பாத்திரம் ஒரு படி வளர்ந்தால் முயலலாம். அதற்கு, முன்னர் காப்பாற்றப்பட்ட அந்த மந்திரவாதி மனம் வைக்க வேண்டும்.