பீடத்துக்குப் பின்னால் ஓர் அறை

கத்தோலிக்க நண்பரின் திருமணத்துக்குப் போயிருப்பீர்கள். குருவானவர் எங்கே உடை மாற்றினார் என்று யோசித்ததுண்டா? அந்த அறையின் பெயர் சாக்ரிஸ்டி. பீடச் சிறுவனாக நான் பழகிய இடம் அது.

நீண்ட இழுப்பறைகளில் பூசை உடைகள் இருக்கும். நிறமே காலத்தைச் சொல்லிவிடும். தவக்காலத்துக்கு ஊதா, உயிர்ப்புக் காலத்துக்கு வெள்ளை, மறைச்சாட்சிகளின் நினைவுக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை. பூட்டிய அலமாரியில் இரசக் கிண்ணமும் அப்பத்தட்டும். சுவரில் பாடுபட்ட சுரூபம். அதை வணங்கிவிட்டே பீடத்துக்குக் கிளம்புவோம்.

மூலையில் இரண்டு தொட்டிகள். ஒன்று கை கழுவ. மூடியிட்ட மற்றொன்றின் குழாய் சாக்கடைக்குப் போகாது. நேரே மண்ணுக்குள் இறங்கும். கிண்ணம் துடைத்த துணியை முதன்முறை கையால் அலசிய நீரை அதில்தான் ஊற்ற வேண்டும், அல்லது தகுந்த இடத்தில் மண்ணில். 2004இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலும் இதையே சொல்கிறது. கிறிஸ்துவின் இரத்தம் என்று நம்புவதில் ஒரு துளிகூடக் கழிவோடு கலக்கக் கூடாது அல்லவா?

பத்து வயதில் ஒருநாள், அவசரத்தில் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அறையைப் பராமரித்த தாத்தா திட்டவில்லை. அடுத்த துணியை என்னிடம் கொடுத்து, "மெதுவா அலசு தம்பி" என்றார். அது வெறும் சாமான் அறை அல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.