இரண்டு விழுக்காடும் மீதித் தொண்ணூற்றெட்டும்

தொழில் நடத்துகிறவருக்குச் சமூகத்தின்மீது என்ன பொறுப்பு என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அன்று அது அறம் சார்ந்த விவாதம். 1970-ல் மில்டன் ஃப்ரீட்மன், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் ஒரே சமூகப் பொறுப்பு என்று எழுதியதும் பேச்சு திசைமாறியது. நல்லது செய்தால் லாபம் கூடுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாயிற்று. பொறுப்பான நிறுவனங்கள் என்று ஒரு பத்திரிகையாளர் 1972-ல் போட்ட பட்டியலே சிலருக்குத் தரவு. வேறு சிலர் ஆண்டறிக்கையில் சமூகப் பணி பற்றிய வரிகளை எண்ணினார்கள். 2002 வரையிலான முப்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கென 127 ஆய்வுகள் வந்திருந்ததாக மார்கோலிஸும் வால்ஷும் கணக்கிட்டார்கள்.

இன்று தரவுக்குப் பஞ்சமில்லை. அதற்கு இந்தியாவே பெரிய களம். நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருந்தாலும் இது பொருந்தும். இந்த எல்லைக்கோடு ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள நிறுவனத்தையும் சற்று மேலே உள்ளதையும் அருகருகே வைத்தால் சட்டம் என்ன செய்தது என்பது தெரிந்துவிடும். தர்மபாலா, கன்னா இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த ஒரு முடிவு கவலை தருவது. முன்பு 2 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கொடுத்தவர்கள் கூட்டினார்கள்; அதைவிட அதிகமாகக் கொடுத்துவந்த நிறுவனங்கள் குறைத்துக்கொண்டன. குறைந்தபட்சமாக வைத்தது பலருக்கு உச்சவரம்பாகிவிட்டது. செலவிடாத தொகைக்கு விளக்கம் சொன்னால் போதும் என்றிருந்த நிலை 2021-ல்தான் மாறியது.

ஆனால் நான் கேட்க விரும்புவது மீதி 98 விழுக்காட்டைப் பற்றி. அந்த லாபம் எப்படி வந்தது? வழக்கமான தொழில் நடவடிக்கைக்கு ஆகும் செலவை நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது விதி. சொந்தக் கழிவைச் சுத்திகரிப்பது கொடை ஆகாது. அது சரிதான். ஆனால் சி.எஸ்.ஆர். தொகையை மட்டும் அளக்கும் ஆய்வின் கண்ணில், ஆறு கெட்டதும் படாது, மீண்டதும் படாது.

திருப்பூரைப் பாருங்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அலசும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்த உப்புநீர் தேங்கியது. தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. அதன்பிறகே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரிப்பதும், எஞ்சும் உப்பை மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துவதும் வழக்கமாக நிலைபெற்றன. பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்து இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது.

அளவுகோல்கள் இப்போது விரிந்திருப்பது உண்மை. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, ஊதியம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பணித்துள்ளது. ஆனாலும் அறிக்கையை எழுதுவது நிறுவனமே. நிறுவனங்களின் பொறுப்புக்கு உலகளவில் மதிப்பெண் போடும் ஆறு அமைப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. அந்த மதிப்பெண்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.54 மட்டுமே.

நம் பல்கலைக்கழகங்களில் சி.எஸ்.ஆர். ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் மாணவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேலாளர்களிடம் வினாநிரலைக் கொடுத்து நிரப்பி வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். ஆலைக்குக் கீழ்ப்புறம் உள்ள ஊருக்குப் போங்கள். கிணற்று நீரைச் சோதியுங்கள். அங்குள்ளவர்கள் சொல்வதையும் தரவாக எழுதுங்கள்.