15,000 ரூபாய்க்குள் ஒரு ஆம்ப்: கிட்டாருக்கும் குரலுக்கும்

அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு, கையில் தூக்கிப் போகிற மாதிரி, பேட்டரியில் ஓடுகிற மாதிரி, விலை கட்டுப்படியாகிற ஒரு ஆம்ப் எது? கேள்வி ஒரு வரிதான். பதில் தேட எனக்கு மூன்று வாரம் ஆச்சு.

கேட்டது என் அக்கா மகன். கல்லூரி இறுதியாண்டு. பிறந்தநாள் விழா, சின்ன காபி கடை என்று பாடக் கூப்பிடுகிறார்கள். இதுவரை இரவல் ஸ்பீக்கரில் ஓட்டிவிட்டான். டியூஷன் எடுத்துச் சேர்த்தது 15,000 ரூபாய். "மாமா, தப்பா ஒண்ண வாங்கிட்டா அடுத்தது வாங்க இன்னொரு வருஷம் ஆகும்" என்றான். அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும், விலையும் மாறும். எனவே "இதை வாங்குங்கள்" என்று ஒரு பெயரைச் சொல்வதைவிட, எந்தப் பெட்டியையும் எடைபோட உதவும் சில கணக்குகளைத் தருகிறேன். பிளஸ் டூ இயற்பியல் போதும்.

1. வாட் என்கிற மாயை

கடையில் முதலில் காதில் விழுவது வாட்தான். "சார், இது 100 வாட்ஸ், மண்டபமே அதிரும்" என்பார்கள். ஆனால் நம் காது மடக்கை அளவில் கேட்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. கேட்பவருக்கு "சத்தம் இரண்டு மடங்கு" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட்.

இதில் ஸ்பீக்கரின் திறனும் சேர்கிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த அளவு. ஒரு ஸ்பீக்கர் 90, இன்னொன்று 96 என்றால் வித்தியாசம் 6 டெசிபல். 96 உள்ள 10 வாட் பெட்டியும், 90 உள்ள 40 வாட் பெட்டியும் ஒரே சத்தம்தான் போடும். விலைச்சீட்டில் வாட் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு. 90 டெசிபல் ஸ்பீக்கர், 10 வாட். 1 மீட்டரில் 100 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82. இது உச்சம். குரல் திடீரென்று எகிறும் இடங்களுக்காக 10 டெசிபலை ஒதுக்கி வைத்தால் சராசரி 72. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் அளவில் இருக்கும். ஆக, முப்பது பேர் உட்கார்ந்து கேட்கிற கடைக்கு 10 வாட்டே தாராளம். பஸ் ஓடும் சாலையோரத்தில் அதே பெட்டி மூழ்கிவிடும். அங்கே 40 வாட் வாங்கினால் என்ன கிடைக்கும்? 6 டெசிபல். அதே சத்தம் 8 மீட்டருக்குப் பதில் 16 மீட்டர் வரை போகும். அவ்வளவுதான்.

தெருப் பாடகர்களுக்கென்றே ரோலண்ட் கொண்டுவந்த கியூப் ஸ்ட்ரீட்டின் மொத்த சக்தி 5 வாட். ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அதில் ஆச்சரியம் இல்லை.

வாட் நிஜமா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 15 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உள்ளே போவதே 30 வாட். பேட்டரி இருந்தால் ஒரு நொடி உச்சத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் அந்தப் பெட்டி தொடர்ந்து 100 வாட் தர முடியாது. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம்.

2. இரண்டு வாசல், இரண்டு பூட்டு

உண்மையான சிக்கல் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிறது. குரலும் கிட்டாரும் இரண்டு வேறு ஜாதி சிக்னல்கள்.

ஷூர் எஸ்.எம்.58 மைக்கை எடுத்துக்கொள்வோம். 1966 முதல் மேடைகளில் இருக்கிறது. 94 டெசிபல் ஒலி அழுத்தத்துக்கு அது தருவது சுமார் 1.9 மில்லிவோல்ட். கிட்டாருக்குள் ப்ரீஆம்ப் இருந்தால் அங்கிருந்து வருவது சில நூறு மில்லிவோல்ட். நூறு மடங்கு வித்தியாசம். எனவே மைக்குக்குத் தனி சானல், தனி கெய்ன், தனி டோன் வேண்டும். இரண்டு ஓட்டை, ஒரே வால்யூம் குமிழ் உள்ள பெட்டிகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். முடிந்தால் மைக்குக்கு எக்ஸ்.எல்.ஆர். வாசல் இருக்கட்டும். மூன்று கம்பி வழியே வருவதால் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் பெரும்பாலும் கழிந்துவிடும்.

அடுத்து கிட்டார். பிரிட்ஜுக்கு அடியில் பீசோ பிக்கப் இருக்கும். மின்னியல் பார்வையில் அது ஒரு சின்ன கெப்பாசிட்டர், ஏறக்குறைய 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஆம்பின் உள்ளீட்டு மின்தடையோடு சேர்ந்து, கீழ் சுருதிகளை வெட்டும் வடிகட்டியாக மாறும். வெட்டும் இடம் = 1 / (2π × மின்தடை × கெப்பாசிட்டன்ஸ்). எண்களைப் போட்டால்:

10 கிலோ ஓம் உள்ளீடு: 15,900 ஹெர்ட்ஸ்.
1 மெகா ஓம்: 159 ஹெர்ட்ஸ்.
10 மெகா ஓம்: 16 ஹெர்ட்ஸ்.

கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. சாதாரண ஸ்பீக்கரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். அதில் பீசோவை நேராகச் செருகினால் கிட்டார் தகர டப்பா மாதிரி ஒலிப்பதற்கு இதுதான் காரணம். ஆம்ப் ரிப்பேர் இல்லை, தந்தியும் மோசமில்லை.

எனவே முதலில் உங்கள் கிட்டாரைப் பாருங்கள். பக்கவாட்டில் குமிழ்களும் 9 வோல்ட் பேட்டரியும் இருந்தால் உள்ளே ப்ரீஆம்ப் இருக்கிறது, கவலை தீர்ந்தது. இல்லையென்றால் ஒரு சின்ன ப்ரீஆம்ப் பெடலுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

3. ஸ்பீக்கர் எதுவரை பாடும்?

"கிட்டார் ஆம்ப்" என்று கேட்டால் பல கடைகளில் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பை எடுத்து வைப்பார்கள். விலையும் குறைவாக இருக்கும். அதன் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரசரவென்று இறங்கிவிடும். அது குறை கிடையாது. டிஸ்டார்ஷனின் கரகரப்பை மட்டுப்படுத்த அப்படி இருப்பதே அங்கே நல்லது. ஆனால் குரலில் ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அது போனால் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். எனவே தனி ட்வீட்டர் உள்ள பெட்டியே வேண்டும். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி சார்ஜ் நம் பட்ஜெட்டுக்கு மேலே உள்ள பேட்டரி ஆம்ப். அதில் 6.5 இன்ச் ஊஃபரோடு 1 இன்ச் ட்வீட்டர் இருக்கிறது. விலை குறைந்த பெட்டியிலும் தேட வேண்டிய அமைப்பு இதுதான்.

மறுபக்கம், வண்ண விளக்கு மின்னும் டிராலி ஸ்பீக்கர்கள். பலவற்றில் பேஸும் ட்ரெபிளும் தூக்கலாக, நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். குத்துப்பாட்டுக்கு அது சுகம். தமிழ்ப் பாட்டின் சொற்கள் தெளிவதோ நடுப்பகுதியில்தான். ல, ள, ழ வேறுபாட்டைக் காது பிடிக்கிற அதிர்வெண்கள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் வருகின்றன. அங்கே பள்ளம் விழுந்தால் பாடகர் எவ்வளவு சுத்தமாக உச்சரித்தாலும் மூன்றும் ஒன்றாகிவிடும்.

4. ஊளை

ஆம்ப் சத்தம் கிட்டாரின் உடம்புக்குள் புகுந்து, பிக்கப் வழியே மறுபடி ஆம்புக்கே வந்தால் "ஊ...ம்" என்று ஊளையிடும். கிட்டார் பெட்டியின் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே அதிரும். ஊளை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். ஆம்பில் நாட்ச் அல்லது ஃபேஸ் பொத்தான் இருந்தால் உதவும். இல்லாவிட்டால் பேஸ் குமிழைக் குறைத்து, கிட்டாரின் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி போட்டாலே பாதி அடங்கும். மைக் கீச்சிடுவதற்குப் பெரும்பாலும் ஆம்ப் இருக்கும் இடமே காரணம். கார்டியாய்ட் மைக் தன் பின்பக்கத்தில் மிகக் குறைவாகக் கேட்கும். ஆம்பைப் பாடகருக்குப் பின்னால் வைத்தால் அது நேராக மைக்கின் வாயைப் பார்க்கும். முன்னால், பக்கவாட்டில், கேட்பவர்களை நோக்கி வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

5. பேட்டரியும் பட்ஜெட்டும்

"8 மணி நேரம் ஓடும்" என்றால் எந்த வால்யூமில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நாமே கணக்கிடலாம்: வோல்ட் × ஆம்பியர்-மணி = வாட்-மணி. 3.7 வோல்ட், 4,400 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் 16 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் என்றால் 84. பெட்டி சராசரியாக 10 வாட் குடிக்கிறது என்று வைத்தால் முதலாவது ஒன்றரை மணி நேரம், இரண்டாவது எட்டு மணி நேரம். ஆனால் இரண்டாவது பேட்டரி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். பஸ்ஸில் போகிறவர் இதையும் யோசிக்க வேண்டும். லெட் ஆசிட்டை சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் உயிர் போய்விடும்.

15,000 முழுவதையும் ஆம்பில் கொட்டக்கூடாது. மைக், ஸ்டாண்டு, இரண்டு கேபிள் எல்லாம் அதற்குள்தான். மருமகனுக்கு நான் போட்ட பங்கு: ஆம்புக்கு 10,000, மைக்குக்கு 3,000, மிச்சம் 2,000 கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும். மட்டமான மைக்கை நல்ல ஆம்பில் போட்டால் மட்டத்தையே பெரிதாகக் கேட்போம்.

திறந்தவெளியில் பாடப்போகிறவர்கள் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை தடை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல்.

6. கடையில் பத்து நிமிஷம்

உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள்.

அடாப்டரைப் படியுங்கள். மைக்குக்கும் கிட்டாருக்கும் தனித்தனி குமிழ் இருக்கிறதா பாருங்கள்.

எதையும் செருகாமல் வால்யூமைக் கூட்டுங்கள். "ஸ்ஸ்" இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.

தடித்த தந்தியை மட்டும் மீட்டுங்கள். பெட்டி கடகடவென்று நடுங்கக்கூடாது.

கடைசியாக, நண்பர் ஒருவரை எட்டு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, அவருக்குத் தெரியாத ஒரு பாட்டைப் பாடுங்கள். வரிகளை அவர் திருப்பிச் சொன்னால் அந்தப் பெட்டியை வாங்கலாம்.