செல்ஃப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை!

விடிகாலை நேரம். அல்சூர்ப் பக்கம் ஒரு சந்தில் டாக்ஸி ஒன்று நிற்கிறது. தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போக வேண்டிய பயணி பெட்டியுடன் காத்திருக்கிறார். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'கிர்... கிர்... கிர்...' என்று செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்புகிறார். பத்து முறை ஆனபின் செல்ஃபின் குரலும் சோர்ந்துவிடுகிறது. பால் வாங்க வந்த நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளுகிறார்கள். பயனில்லை. பயணி ஆட்டோ தேடிப் போய்விடுகிறார். அன்றைய முதல் சவாரி போயிற்று.

பெங்களூரில் இது யாருக்கும் புதிய காட்சி அல்ல. டிரைவர் செய்த தவறு ஒன்றுதான். வண்டி சொன்னதை அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை.

தள்ளுவதால் என்ன பயன்?

செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றினால், பாட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பெரும்பாலும் நலம் என்று பொருள். நாலு பேர் தள்ளினாலும் நடப்பது என்ஜினைச் சுற்றிவிடுவதுதான். அந்த வேலையைச் செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! பாட்டரி செத்த வண்டிக்குத் தள்ளுவது மருந்து. இந்த நோய்க்கு அல்ல.

முன்காலத்தில் இந்தச் சுற்றும் வேலையை மனிதன் கையால் செய்தான். ஹாண்டில் அடிப்பது என்பார்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தபின் அந்தத் தொல்லை படிப்படியாக ஒழிந்தது. ஆனால் சுற்றிவிட்டால் மட்டும் என்ஜின் உயிர் பெறாது. அதற்கு மூன்று வேண்டும்: தக்க நேரத்தில் தீப்பொறி, அளவான பெட்ரோல், நன்றாக அழுத்தப்பட்ட காற்று. மூன்றில் எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதே மெக்கானிக்கின் வேலை.

பிளக் சொல்லும் சாட்சி

தீப்பொறிக்கும் பெங்களூருக்கும் பழைய உறவு உண்டு. 1951-ல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம், ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பியது. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. ஆனாலும் மைகோ லேஅவுட் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது.

அந்தச் சிறிய பிளக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். பலமுறை செல்ஃப் அடித்தபின் கழற்றிப் பார்த்தால், பிளக்கின் முனை காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது. நிரம்பிய வண்டிக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிப்பது பழைய வைத்தியம். கம்ப்யூட்டர் வைத்த பல வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் குற்றவாளிகள் சிலரே. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேய்ந்த பாயிண்ட், கெட்டுப்போன கண்டென்சர், அடைத்துக்கொண்ட கார்புரேட்டர், வெயிலில் பெட்ரோல் ஆவியாகி மூச்சு முட்டிய பம்ப். பம்பின்மேல் ஈரத் துணியைப் போட்டு, பீடி ஒன்று முடியும் நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். பத்மினி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஈரத் துணி வைத்தியமும் அவற்றோடு போயிற்று.

புதிய வண்டி, புதிய நோய்

இன்றைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பம்ப், டாங்குக்குள்ளேயே இருக்கிறது. செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்தால், பின்சீட்டுப் பக்கம் இரண்டொரு விநாடி 'உம்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். கேட்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், அடுத்தது ரிலே, பம்ப் அதற்கும் பிறகுதான்.

சாவிக்கும் ஒரு பங்கு உண்டு. டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படமுள்ள விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை என்று கொள்ளலாம். வீட்டிலுள்ள மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் சூடேறி நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டியில், என்ஜின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்மேல் சந்தேகப்படலாம். டீசல் வண்டியில் பிளக்கின் தீப்பொறி என்பதே கிடையாது. குழாயில் காற்று புகுந்ததா என்று பார்ப்பார்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையை, 2023 பிப்ரவரி 6-ந் தேதி பிரதமர் தொடங்கிவைத்தது இதே பெங்களூரில்தான். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டாங்கில் தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் இரண்டும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டி கிளம்பாவிட்டால் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சாவியைத் தொடாதீர்கள்!

இரண்டு சமயங்களில் செல்ஃப் அடிப்பதே ஆபத்து. வழக்கமான ஏற்ற இறக்கமின்றி, தடையே இல்லாததுபோல் என்ஜின் விர்ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

மற்றொன்று வெள்ளம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கமும் வெளிவட்டச் சாலையிலும் கார்கள் நீரில் மூழ்கியது ஊரறிந்த செய்தி. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப் போல் அழுத்த முடியாது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடியும் வேலை, என்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

மற்ற வேளைகளிலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே அரை நிமிஷமாவது ஓய்வு தேவை. பெட்ரோல் நாற்றம் அடிக்கும்போது பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பார்ப்பது தீயை அழைப்பதாகும்.

இனி, அல்சூர்ச் சந்துக்குத் திரும்புவோம். முதிய மெக்கானிக் ஒருவர் வந்து சேருகிறார்.

"அண்ணே, பம்ப் போயிடுச்சு போலிருக்கு. ஜே.சி. ரோட்டுக்குப் போய் புதுசு வாங்கியாரட்டுமா?" என்கிறார் டிரைவர்.

"பொறு தம்பி. முதல்ல சாவியை மட்டும் போடு. செல்ஃப் அடிக்காதே."

பெரியவர் பின்சீட்டில் காதை வைக்கிறார். சத்தமில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடிக்கிறார். நடுக்கம்பி எரிந்துபோயிருக்கிறது. உடனே புதியதைச் செருகிவிடவில்லை. ஃபியூஸ் காரணமில்லாமல் எரியாது என்று ஒயரைத் தடவிக்கொண்டே போகிறார். சீட்டுக்கடியில் தகட்டில் உராய்ந்து தோல் உரிந்த இடம் அகப்படுகிறது. அங்கே டேப் சுற்றியபின் புதிய ஃபியூஸ் ஏறுகிறது. சோர்ந்துபோன பாட்டரிக்கு, பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் மாட்டிக் கரண்ட் கொடுக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொள்கிறது.

பம்பின் விலை மிச்சம். ஆனால் அந்தச் சவாரி போனது போனதுதான். முதல் நிமிஷத்திலேயே பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்கும்.