வீட்டுத் தொட்டியில் கடல்நீர்: மீன் சாகிறதே, என்ன செய்வது?

சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். ஒரு ஏக்கரில் மரவள்ளி, அரை ஏக்கரில் கரும்பு. கல்லூரியில் படிக்கும் மகன், சென்னை கொளத்தூரில் இருந்து 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியும் ஐந்து கோமாளி மீன்களும் வாங்கி வந்திருக்கிறான். அதற்காகக் கம்மலை அடகு வைத்திருக்கிறார் அம்மா. ஆறு வாரத்தில் மூன்று மீன் செத்துவிட்டன. கண்ணாடி முழுக்கப் பாசி. பவளம் வாங்கி வைத்தால் தொட்டி சரியாகும், விற்றுச் சம்பாதிக்கலாம் என்று மகன் இப்போது சங்கிலியையும் கேட்கிறானாம். கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

நான் மீன்வளத்துறைக்காரன் இல்லை. ஆனால் தண்ணீர், உப்பு, நைட்ரஜன் மூன்றும் விவசாய அலுவலருக்குப் பழகிய சங்கதிகள். கல்வராயன் மலைக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த வீட்டில் இறங்கித் தொட்டியைப் பார்த்தேன். பார்த்ததையும் சொன்னதையும் எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

மீன் ஏன் செத்தது?

தொட்டி வைத்த மறுநாளே ஐந்து மீனையும் விட்டிருக்கிறார்கள். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகும். வயலில் யூரியா போட்டால் அது அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது அல்லவா? தொட்டியிலும் அதே வேலைதான் நடக்க வேண்டும். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் இருக்காது. கல்லிலும் மணலிலும் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போட்டு வர வேண்டும். பரிசோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு, ஒன்றிரண்டு மீனாக விடலாம்.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டீர்களா? தீவனத்தைக் குறையுங்கள். காற்று பம்பை நிறுத்தாதீர்கள். அம்மோனியா இறங்கும்வரை, தினமும் கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, தயாரித்து வைத்த புது உப்பு நீரை ஊற்றுங்கள்.

உப்பு ஏறியது எப்படி?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அந்தத் தொட்டியில் அளந்தால் 40-க்கு மேல் காட்டியது. காரணம் எளிது. தினம் அரை லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தம்பி அதை ஈடுகட்ட உப்பு நீரையே ஊற்றி வந்திருக்கிறான். ஆறு வாரத்தில் 21 லிட்டர். அதாவது 700 கிராமுக்கு மேல் கூடுதல் உப்பு. குறைந்த நீருக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்காதீர்கள். நாளுக்கு ஒன்றிரண்டு கிராம் அளவு குறைந்தால் போதும்.

அளக்க உப்புக்கான ரிஃப்ராக்டோமீட்டர் கிடைக்கிறது. கரும்பில் பிரிக்ஸ் பார்க்கும் கைக்கருவி போலத்தான் இருக்கும், அளவுகோல் மட்டும் வேறு. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுவது கூடவே கூடாது. அது வெறும் சோடியம் குளோரைடு. கடல் உப்பில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியமும் உண்டு. தொட்டிக்கென விற்கும் உப்பைத் தனி வாளியில் ஒரு நாள் கலக்கி வைத்துப் பயன்படுத்துங்கள்.

பாசி ஏன் படர்கிறது?

போர்வெல் தண்ணீர்தான் முதல் சந்தேகம். நாம் வயலில் போடும் உரம் கசிந்து நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. பயிருக்கு உரமாவது பாசிக்கும் உரம்தான். ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் போடுங்கள். விளக்கு நாளுக்கு 8 மணி நேரம் போதும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

வெயிலும் மருந்துக் கையும்

இந்தத் தொட்டிக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் தாங்காது. நிழலான அறையில் வைத்து, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டால் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும். மலைக் கிராமங்களில் மார்கழியில் இதற்கு எதிராக, ஹீட்டர் தேவைப்படும். மின்தடைக்கு பேட்டரி காற்று பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

பூச்சிமருந்து அடித்த கையைத் தொட்டியில் விடாதீர்கள். போர்டோ கலவையில் உள்ள தாமிரம் சிறிது கலந்தாலும் இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். புது ஆட்டைப் பட்டியில் சேர்க்கும் முன் தனியாகக் கட்டி வைப்பது போல, புது மீனையும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வருகிறது.

பவளம் வாங்கலாமா?

வாங்கவே கூடாது. கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளன. கடல்குதிரையும் அப்படியே. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு, மீறினால் சிறைத்தண்டனை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் கிடக்கின்றன. மிஞ்சிய பவளமும் கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளிறிப்போனது. கடலிலேயே தாங்காதது நம் வீட்டுத் தொட்டியில் எப்படித் தாங்கும்? தொட்டிக்குக் கல் வேண்டுமானால் செயற்கைக் கல் போதும். மீனும் பண்ணையில் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையம் கோமாளி மீனைப் பண்ணையிலேயே பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

வருமானம்தான் நோக்கம் என்றால் நம் ஊருக்கு நன்னீர் அலங்கார மீன்கள் பொருத்தம். கப்பி, மோலி இரண்டும் சிமென்ட் தொட்டியிலேயே குட்டி போடும். இதற்குப் பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று 2020-இல் அறிவித்தார்கள். இப்போதைய நிலையை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையிலிருந்து பணம் போடுங்கள்.

அந்த அம்மாவிடம், சங்கிலியைக் கொடுக்க வேண்டாம் என்றே சொன்னேன். தம்பியிடம் ஒரு நோட்டு வாங்கி, உப்பு, வெப்பம், ஊற்றிய தண்ணீர் மூன்றையும் தினம் எழுதச் சொன்னேன். மிச்சமிருக்கும் இரண்டு மீனை ஆறு மாதம் காப்பாற்றிக் காட்டட்டும். அடுத்த மீனைப் பற்றி அப்புறம் பேசலாம்.